ஷெல்ஃபில் இருந்த பூச்சி மருந்து

வெள்ளியங்கிரி எதைத் திறந்தாலும் முதலில் அதன்மேல் எழுதியிருப்பதை உரக்கப் படிப்பார். பால், சமையல் எண்ணெய், தலைவலி மாத்திரை எல்லாவற்றுக்கும் அதே முறைதான். "டூ பர்சென்ட் மில்க்" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரில் பாலை ஊற்றுவார். விருந்துக்கு வந்தவர்கள், "ஏனுங்ணா, இன்னும் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு இருக்கீங்களா?" என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அவர் மனைவி கலாவதி மட்டும் சிரித்ததில்லை. ஏழு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். 1994 ஜூலைக்கு முன்னால் அவரிடம் அந்தப் பழக்கம் கிடையாது.

கலாவதி நர்ஸ். அவள் விசாவில்தான் இருவரும் 1991இல் ஹூஸ்டனுக்கு வந்தார்கள். வெள்ளியங்கிரி பொள்ளாச்சிப் பக்கம், குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், விவசாயப் பட்டதாரி. இங்கே அந்தப் பட்டத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. கோயிலில் புதிதாக அறிமுகமாகிறவர்கள், "சார் எங்க வொர்க் பண்றீங்க?" என்று கேட்கும்போது அவர் பார்வை செருப்பு வைத்திருக்கும் பக்கம் போகும். "பொண்டாட்டி விசால வந்தவன்னு நெத்தியில ஒட்டிக்கட்டுமா?" என்று வீட்டுக்கு வந்ததும் கலாவதியிடம் எரிந்து விழுவார்.

இரண்டு வருஷம் கழித்துப் பூச்சி ஒழிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். அந்த அட்டை வந்த அன்று அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இந்த நாட்டில் அவர் தானாகச் சம்பாதித்த முதல் பொருள் அது.

ஹூஸ்டனின் பழைய வீடுகள் மரவீடுகள். தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கிக் கட்டைகள்மேல் நிற்பவை. அந்தப் புழுக்கத்தில் மரம் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். கரையான் கீழிருந்து மண்கோடு போட்டு ஏறும். கட்டைவிரல் நீளக் கரப்பான் விளக்கைப் போட்டதும் முகத்துக்கு நேராகப் பறந்து வரும். வெள்ளியங்கிரி அந்த வீடுகளுக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து போய் மருந்து அடிப்பார். வார இறுதியில் தமிழர் வீடுகளுக்கும் போவார். அங்கே கூலி வாங்கமாட்டார். "ரெண்டு தோசை போடும்மா, போதும்" என்பார். ஒருவருக்குத் தாம் தேவைப்படுகிறோம் என்பதே அவருக்கு நிறைவாக இருந்தது.

அடுத்த தெருவில் அறுபது வருஷத்துப் பழைய வீடு ஒன்றில் இளமாறன், வான்மதி என்ற ஈரோட்டுத் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் கம்ப்யூட்டர் வேலை. செழியன் என்று நாலு வயதுப் பையன். 1994 ஜூனில் அவர்கள் ஒரு மாதம் ஊருக்குப் போனார்கள். "பூட்டின வீட்டுல நிம்மதியா மருந்து அடிச்சு வெச்சுருங்ணா" என்று இளமாறன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடித்தார். தண்ணீரில் கலக்காத மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. கரப்பான் மறுபடி வந்தால் தேவைப்படுமே என்று அதைக் காலியான ஒரு டானிக் பாட்டிலில் ஊற்றினார். மருந்தை அதன் டப்பாவிலிருந்து வேறு எதிலும் மாற்றக் கூடாது என்பது லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பாடம். அது தெரிந்ததால்தான் கூடுதல் கவனமாக, வெள்ளை டேப் ஒட்டி, பெரிய தமிழ் எழுத்தில் 'பூச்சி மருந்து' என்று எழுதினார். பையனுக்கு எட்டாதபடி சிங்குக்கு மேலே இருந்த ஷெல்ஃபில் வைத்தார்.

ஊரிலிருந்து வரும்போது வான்மதியும் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கிற மருந்து. அதற்கும் தமிழில் பூச்சி மருந்து என்றுதான் பெயர். அதே ஷெல்ஃபில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். "நான் வர லேட் ஆகுமுங்க. ஷெல்ஃப்ல பூச்சி மருந்து இருக்குது. செழியனுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துருங்க."

இளமாறன் ஷெல்ஃபைப் பார்த்தான். தமிழில் எழுதிய பாட்டில் முன்னால் நின்றது. தமிழில் எழுதிய ஒரு பாட்டில் ஈரோட்டிலிருந்துதான் வந்திருக்க முடியும். வேறு எதையும் யோசிக்க அவனுக்குக் காரணம் இல்லை.

"இட் ஸ்மெல்ஸ் பேட், அப்பா."

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். மூக்கைப் புடிச்சுட்டு முழுங்கு சாமி."

பையன் பாதியைத் துப்பிவிட்டான். பாதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஊற்ற ஆரம்பித்தது, வாந்தி வந்தது, கால் துவண்டது. இளமாறன் ஆம்புலன்ஸுக்கு 911ஐக் கூப்பிட்டான். அடுத்து வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டான். "அண்ணா, பூச்சி மருந்து கொடுத்தேன், பையன் ஒரு மாதிரி ஆயிட்டான்."

வெள்ளியங்கிரிக்குப் புரிந்துவிட்டது. செருப்பில்லாமல் ஓடினார். ஆம்புலன்ஸ்காரர்களிடம் மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெயர் தெரிந்ததால்தான் ஆஸ்பத்திரியில் உடனே சரியான ஊசி போட முடிந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். பையன் ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஜெல்லோ இனிப்பு கேட்டான்.

ஆனால் எல்லோரும் பையனைச் சுற்றி நின்றபோது, சமையல் மேடையில் இருந்த பாட்டிலை வெள்ளியங்கிரி கையில் எடுத்தார். டேப்பை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டேப் இல்லாத பாட்டிலை ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுத்தார்.

அது அவராகச் செய்ததா, அவர் கை செய்ததா என்று கலாவதி பலமுறை யோசித்திருக்கிறாள். ஒரு உயிரைக் காப்பாற்ற ஓடிவந்த ஆள்தான் அதையும் செய்தார்.

குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்து விசாரித்தாள். விஷத்தை டானிக் பாட்டிலில் ஊற்றியது யார்? இளமாறன் திரும்பத் திரும்ப, அதில் எழுதியிருந்தது என்றான். அந்த அம்மாள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. டப்பாவிலிருந்து அவனே ஊற்றியிருப்பான் என்று எழுதிக்கொண்டாள். ஆறு வாரம் அவன் பையனோடு தனியாக இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

"எழுதியிருந்துச்சாமா. யாரு, கரப்பான் வந்து எழுதிட்டுப் போச்சா?" என்று வான்மதி எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

இளமாறன் ஒரே ஒரு தடவை வெள்ளியங்கிரியைத் தனியாகப் பார்த்துக் கேட்டான். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏதாச்சும் பாட்டில்ல எழுதி வெச்சுட்டுப் போனீங்களா?"

"இல்லப்பா. காரேஜ்ல டப்பாவ வெச்சுட்டுப் போனேன். அவ்வளவுதான்."

அவன் நம்பினான். மகனைக் காப்பாற்றியவரை எப்படிச் சந்தேகப்படுவது?

கலாவதிக்கு அந்த வாரமே, அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது தெரிந்துவிட்டது. டேப் சுருண்டு பைக்குள் ஒட்டியிருந்தது. "போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

"லைசென்ஸ் போயிரும் கலா. கேஸ் போடுவாங்க. மறுபடி உன் சம்பளத்துல உட்கார்ந்து சாப்பிடச் சொல்றயா?"

அவள் அதற்குமேல் பேசவில்லை. அந்தத் தப்பில் அது தன் பங்கு என்று இப்போது அவளுக்குத் தெரிகிறது. மனைவியாக வாயை மூடிக்கொண்டது சரி. நர்ஸாக மூடிக்கொண்டது எந்தக் கணக்கில் சேரும்?

ஆறு வாரம் முடிந்த பிறகும் வான்மதி பையனைக் கணவனிடம் தனியாக விடவில்லை. காய்ச்சல் மருந்தைக்கூட அவளேதான் அளந்து கொடுப்பாள். 1996இல் அவர்கள் நியூ ஜெர்ஸிக்கு, எடிசனுக்கு மாறிப் போனார்கள். வெள்ளியங்கிரி வருஷம் தவறாமல் பொங்கலுக்குப் போன் செய்வார். "பையன் எப்படி இருக்கான்?" என்பார். அடுத்த வார்த்தைக்கு முன்னால் ரிசீவரைப் பக்கத்தில் இருக்கும் கலாவதியிடம் நீட்டிவிடுவார்.

1998இல் மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. "இப்பவாச்சும் சொல்லிருங்களேன். இனி இழக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பான்ல. அதுக்கு என்ன சொல்றது?" என்றார்.

2001 மார்ச்சில் மாரடைப்பில் போய்விட்டார். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இளமாறன் போன் செய்தான். அழுதுகொண்டே பேசினான். "அக்கா, அண்ணன் மட்டும் அன்னிக்கு மருந்து பேரைச் சொல்லலைன்னா எனக்குப் பையனே இல்லீங்க்கா. இப்ப ஃபிஃப்த் கிரேட் படிக்கிறான்."

"நல்லா இருக்கட்டும்ப்பா."

"வான்மதி இன்னும் எங்கூடச் சரியாப் பேசறதில்லீங்க்கா. நானும் எழுதியிருந்துச்சுன்னு சொல்றத விட்டுட்டேன். இப்ப எனக்கே தோணுது, அதுல ஒண்ணுமே எழுதியிருக்காம இருந்திருக்கும். நானாத்தான் படிச்சிருப்பேன்."

கலாவதி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். "வான்மதி பக்கத்துல இருக்காளா?"

"இல்லீங்க்கா, கோயிலுக்குப் போயிருக்கா. ஏனுங், ஏதாச்சும் சொல்லணுமா?"

ஹாலில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் எவ்வளவு உபகாரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வந்ததும் கூப்பிடச் சொல்லுப்பா" என்றாள்.

வான்மதி அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். துக்கம் விசாரித்தாள். கலாவதி அவளுக்கு நன்றி சொன்னாள், பையன் படிப்பைப் பற்றிக் கேட்டாள், டேப்பைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.