வளைந்த நூல்

டைல்ஸ் மேஸ்திரிக்கு வாயும் கையும் ஒரே வேகம். வளவளவென்று பேசிக்கொண்டேதான் கல் பதிப்பார். ஆனால் இணைப்புக் கோடு நூல் பிடித்தாற்போல் ஓடும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவர்தானே.

அப்படிப்பட்டவர் ஒரு நாள், சற்று முன் தாமே பதித்த வரிசையைக் கோணல் என்று பெயர்த்துப் போட்டார். கூட வேலை செய்யும் மச்சினன் நேராகத்தான் இருக்கிறது என்றதற்கு, உனக்கென்ன கண் பிடரியிலா இருக்கிறது என்று எரிந்து விழுந்தார். மறுபடி பதித்தார். மறுபடியும் கோணல். மச்சினன் பேச்சை வளர்க்காமல், இரண்டு ஆணிகளுக்கு நடுவே நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினான். மேஸ்திரி குனிந்து, வழக்கம்போல் இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நூலும் நடுவில் வளைந்திருந்தது.

கல் பிசகலாம், கை தவறலாம். இழுத்துக் கட்டிய நூல் எங்கே வளையும்? இடக்கண்ணைத் திறந்து வலக்கண்ணை மூடிப் பார்த்தார்; நூல் நேராக நின்றது.

"மாப்ளே, கோளாறு தரையில இல்ல. என் கண்ணுல," என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது, வலக்கண் விழித்திரையின் நடுவில் வீக்கம் தெரிந்தது. வீக்கம் பல காரணங்களால் வரும், அடியில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்தால் வைத்தியமே வேறு என்று சொல்லி, டாக்டரம்மா இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். ரத்தம் ஓடும் பாதையை மட்டும் பிரித்துக் காட்டும் படம் அது. இருக்கக் கூடாத இடத்தில் மெல்லிய குழாய்கள் சிக்குப் பிடித்த தலைமுடி போல் கிடந்தன. விட்டுவிட்டால் நடுப்பார்வை போய்விடும், கண்ணுக்குள் ஊசி போட்டால் அடக்கிப் பார்க்கலாம் என்றார்.

 கல் பதிப்பதை விட்டால் தனக்கு வேறு பிழைப்புத் தெரியாதே என்று மேஸ்திரி வீட்டுக்காரியிடம் மட்டும் புலம்பினார். அவளும் பயந்துதான் போனாள். ஆனாலும் ஒவ்வொரு ஊசிக்கும் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் குழாய்கள் சுருங்கி, வீக்கம் வடிந்திருந்தது. தொடர்ந்து வந்து காட்ட வேண்டும், வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே வந்து, பெஞ்சில் காத்திருந்த மனைவியைப் பார்த்து நல்ல கண்ணை மூடினார்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரியில வச்சு கண்ணடிக்கிறீங்க?"

"இத்தனை மாசமா இந்தக் கண்ணுக்கு உன் மூக்கு கோணலாத் தெரிஞ்சுது. வருத்தப்படுவியேன்னு சொல்லல. இப்போ நேரா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நல்லாப் பாருங்க," என்று முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.