படுகளத்தில் விழுந்த பெரியப்பா

எனக்கு ஒன்பது வயதிருக்கும். திருவொற்றியூரில் எங்கள் தெருக் கோயில் தீமிதித் திருவிழாவில், பங்காளிகள் நிலத்துக்காகப் போட்டுக்கொண்ட பெரும்போர்க் கதையை வருஷா வருஷம் கூத்தாக ஆடுவார்கள். கெட்ட ராஜா வேஷம் என் பெரியப்பாவுக்கு. அவனைத் தொடையில் அடித்துக் கொல்லும் வீரன் என் நைனா. இரண்டு பேருமே ஹார்பரில் மூட்டை தூக்கியவர்கள். அந்த உடம்புக்கு வேறு என்ன வேஷம் கொடுப்பார்கள்?

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. கூத்தில், ஊசி குத்துகிற இடம்கூடத் தரமாட்டேன் என்று சொல்பவன் கெட்ட ராஜா. எங்கள் வீட்டிலோ அதைச் சொன்னது நைனா. தாத்தா விட்டுப்போன மனையைப் பாகம் பிரித்ததில் கிணறு எங்கள் பக்கம் வந்தது. ஓர் ஆள் நடக்க மட்டும் வழி விடச் சொல்லிப் பெரியப்பா கேட்டார். நைனா மூங்கில் தட்டி கட்டி மறைத்துவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பெரியப்பாவோடு பேசினால் காலை முறிப்பேன் என்று எனக்கும் உத்தரவு. அவர் தோளிலேயே வளர்ந்தவள் நான். என்ன கொடுமை இது! அப்படியானால் கெட்டவர் யார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"போய் கொடத்த எட்த்தாடி, பெரிய வக்கீலு!" என்றாள்.

அந்த வருஷம், கெட்ட ராஜா சாகும் படுகளக் காட்சிக்குக் கூட்டம் நெரிந்தது. கூத்து சாக்கில் தம்பி நிஜமாகவே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் உள்ளூரப் பயம், கொஞ்சம் ஆசையும்தான். கெட்ட ராஜாவை மண்ணால் செய்து, ஒரு படகு நீளத்துக்கு மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். முழித்த கண், முறுக்கு மீசை, தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய சட்டி. அதைச் சுற்றிச் சுற்றி நைனா பெரியப்பாவைத் துரத்தினார். மூன்றாம் சுற்றில் கதாயுதத்தை ஓங்கி மண் தொடையில் போட்டார். சட்டி உடைந்து சிவப்பு பீறிட்டது. பெரியப்பா அலறிக்கொண்டு பக்கத்தில் விழுந்தார்.

உடனே பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைத்தார்கள். அது வழக்கம். கெட்டவன் செத்ததற்கு எதற்கு அழுகை? போதாததற்கு அவன் உடம்பு மண்ணை ஆளுக்கொரு பிடி அள்ளிப்போய் அரிசிப் பானையில் வேறு போடுவார்கள், வீடு நிறையுமாம்! அதிலும் அம்மா, பெரியப்பாவைக் கூப்பிடுகிற முறையிலேயே "எங்க மாமா போயிட்டாரே" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதது வழக்கத்துக்காக அழுதது போலவே இல்லை.

செத்தவர் அசையக் கூடாது. மணலோ கொதித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முறித்தால் முறிக்கட்டும் என்று ஓடிப்போய்ப் பெரியப்பாவின் காதில் கேட்டேன்:

"பெரீப்பா, மெய்யாலுமே செத்துட்டியா?"

"செத்தவன் பேசக்கூடாதுடி கண்ணு," என்றார் கண்ணைத் திறக்காமலே. "உங்க நைனா இன்னா பண்ணிக்கினு கீறான்?"

நிமிர்ந்து பார்த்தேன். வெற்றிச் சிரிப்பு சிரிக்க வேண்டிய நேரம் அது.

"அழுதுகினு கீறாரு."

மூடியிருந்த கண்ணிலிருந்து அவருக்கும் தண்ணீர் வழிந்தது. நைனா கதாயுதத்தைக் கீழே போட்டார்.

"எந்திரிண்ணா, மணலு சுடுது" என்று கையைப் பிடித்துத் தூக்கினார்.

கூட்டம் ஓவென்று கத்தியது. பெரியப்பா எழுந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் கெட்ட ராஜா செத்த பிறகுதானே தீ மிதிப்பார்கள், அவனை உயிரோடு எழுப்பிவிட்டால் சாயங்காலம் தீமிதி எப்படி நடக்கும் என்று ஒரே கவலை. பாவம் நைனா, ஆடத் தெரியாமல் அத்தனை பேர் முன்னால் தோற்றுப்போனார் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.