தொடக்கூடாத கை

ஆர்கிரோவின் எலும்பை எடுக்கும் நாள் மறுநாள். புதைத்து மூன்று வருஷம் ஆனால் எங்கள் துறைமுக ஊரில் குழியைக் காலி செய்தாக வேண்டும். அடுத்த ஆள் காத்திருப்பார். தோண்டி எடுத்து, ஒயினில் கழுவி, தகரப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மண்டையோட்டைக் கையில் வாங்க வேண்டியவர் வீட்டு மனிதர்.

வீட்டு மனிதர் என்றால் புருஷன் ஸ்டமாடிஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி செத்த அன்றும் அழவில்லை, நாற்பதாம் நாள் கோயிலில் அவித்த கோதுமை கொடுத்தபோதும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. பேசட்டுமே! உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரிந்தால்தானே? பசித்தால் சாப்பிட்டார், இருட்டினால் படுத்தார்.

காலையிலேயே கொழுந்தியாள் கலியோபி ஒரு பையோடு வந்தாள். உள்ளே சிவப்பு ஒயின், வெள்ளைத் துணி.

"அத்தான், நாளைக்கு நீங்க வாங்குறீங்களா, நான் வாங்கட்டுமா? அங்க வந்து மரம் மாதிரி நின்னு மானத்த வாங்காதீங்க."

"தெரியல."

"கட்டின பொண்டாட்டி! தெரியலயாம்ல!"

"கையில வாங்கின பிறகும் ஒண்ணுமே தோணலைன்னா என்ன பண்றது, கலியோபி? அதான் பயமா இருக்கு."

வாயாடி கலியோபி பையை அவர் கையில் திணித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஸ்டமாடிஸ் தெருவில் இறங்கினார். கால் தானாக மேட்டிலிருந்த சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆர்கிரோ ஆயுசெல்லாம் காவல் இருந்த இடம். இவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. "கல்லு எந்திரிச்சு ஓடியா போயிடும்?" என்று கிண்டலடிப்பார். "ஓடாது. உங்கள மாதிரியே வாயத் திறக்காம நிக்கும்" என்பாள் அவள்.

வாசலில் இருந்த காவல்காரி ஃபோட்டினி பையைத் திறந்தாள்.

"பாட்டிலெல்லாம் உள்ள..." என்றவள், துணியைப் பார்த்ததும் நிறுத்தினாள். ஒயினும் வெள்ளைத் துணியும் ஒரே பையில் இருந்தால் எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை. "யாருக்குங்க?"

"ஆர்கிரோவுக்கு."

"அட கடவுளே! நீங்கதான் அந்த கிரேன்காரரா? பை இங்க இருக்கட்டும். அக்கா நாற்காலி கடைசி அறையில."

மூக்கு உடைந்த ரோமானியப் பேரரசர்கள், தலையில்லாத தேவதைகள். எல்லாவற்றையும் பஸ் ஜன்னலில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு சிலைக்குப் பக்கத்தில் இரண்டு பையன்கள் அதைப்போலவே இடுப்பில் கைவைத்து நின்று படம் எடுத்தார்கள். "ஏய், சிலையக் கேலி பண்ணாதீங்க!" என்று பின்னாலேயே வந்த ஃபோட்டினி அதட்டினாள். ஆர்கிரோ இரவுச் சாப்பாட்டில் நடித்துக்காட்டும் அதே அதட்டல்.

கடைசி அறையில் உருவங்கள் செதுக்கிய ஒரு பழைய கல்லறைப் பலகை. உட்கார்ந்திருக்கும் பெண்தான் செத்தவள். எதிரே நிற்கும் புருஷன் அவள் கையைப் பிடித்திருக்கிறான். அவன் முகத்திலும் கண்ணீர் இல்லை. ஸ்டமாடிஸ் ஆர்கிரோவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அந்த இரண்டு கைகளும் நேராகக் கண்ணுக்கு முன்னால் இருந்தன. எழுந்து போய் விரலை நீட்டினார்.

"தொடக்கூடாதுங்க!"

பின்னால் ஃபோட்டினி நின்றிருந்தாள்.

"அவ தொட்டிருக்காளா?"

"ஒருதரம்கூட இல்ல. தொட ஆசையா இல்லையாக்கான்னு கேப்பேன். 'வீட்ல ஒண்ணு இதே மாதிரி நிக்குது, அது கையப் பிடிச்சுக்கறேன் போ'ன்னு சிரிப்பாங்க."

கடைசி நாளில் ஆஸ்பத்திரியிலும் ஆர்கிரோதான் பிடித்தாள். இவர் கை அவள் கைக்குள் சும்மா கிடந்தது. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் குழிக்காரன் மண்ணுக்குள்ளிருந்து மண்டையோட்டை எடுத்து நீட்டினான். கலியோபி துணியோடு முன்னே வந்தாள்.

"நீ நகரும்மா" என்று ஸ்டமாடிஸ் இரண்டு கையாலும் வாங்கினார். நினைத்ததைவிடச் சின்னதாக, குளிர்ந்து இருந்தது. பாதிரியார் ஒயினை ஊற்றினார். மண் கரைந்து இவர் சட்டைக் கைவரை வழிந்தது.

குழிக்காரன் பெட்டியைத் திறந்தான். "குடுங்கய்யா, வச்சிடலாம்."

"இருப்பா. இந்தத் தடவை நான் பிடிச்சிருக்கேன்."