தேறுன பிள்ளைங்க யாரு?

அவனியாபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மாலைப் பள்ளியில் பிலோமினாள் பதினோரு வருஷமாகச் சமைக்கிறாள். பாடம் முடிந்ததும் நாற்பது பிள்ளைகளுக்குச் சுண்டலும் சோறும் முட்டையும். அவள் தாளித்தால் ஏர்போர்ட்டில் இறங்கவேண்டிய விமானம்கூட மோப்பம் பிடித்து இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும். ஆனால் ஆள் மகா பயந்தாங்கொள்ளி. குக்கர் விசிலுக்கே சிலுவை போட்டுக்கொள்வாள். அதிலும் அஞ்சாப்பு முத்துமீனா விஷயத்தில் பயம் இரட்டிப்பு. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தங்கப்பொண்ணின் மகள். வந்த புதிதில் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அம்புட்டு ஒல்லி. இப்போதுதான் கன்னத்தில் சதை தெரிகிறது.

திங்கள் மதியம் அலுவலகத்திலிருந்து லூர்துராஜ் போன் செய்தான்.

“அக்கா, ஜாய்ஸ் டீச்சர் போன் ஆஃப்ல கெடக்கு. அஞ்சாப்புல தேறுன பிள்ளைங்க யார் யாரு? உங்கட்ட சொல்லிருப்பாங்கல்ல? அவுகள உங்க சோத்து லிஸ்ட்லருந்து தூக்கணும். நாலு மணிக்குள்ள பேரையெல்லாம் மேல அனுப்பியாகணும்.”

பிலோமினாளைப் பொறுத்தவரை தேறுவது என்றால் உடம்பு தேறுவது. கொஞ்சம் சதை பிடித்ததும் பிள்ளையைச் சோற்றிலிருந்து தூக்குவதா?

“ஒருத்தரும் தேறல தம்பி.”

“முத்துமீனாகூடவா?”

“கொஞ்சங்கூடத் தேறல.”

மூன்றேகாலுக்கு ஜாய்ஸ் டீச்சர் துள்ளிக்கொண்டு வந்தாள். “பிலோமியக்கா, பாயசம் வைங்க! ஆஸ்டல் பரீட்சையில முத்துமீனா தேறிட்டா. பன்னெண்டாப்பு வரைக்கும் படிப்பும் மூணு வேளைச் சோறும் ஆஸ்டல்காரவுக பொறுப்பு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஆபீஸ்லருந்து பேரு போயிரும்!”

பிலோமினாளின் முகம் வெளிறியது. லூர்துராஜின் எண் விடாமல் பிசி. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அலுவலகம் இருக்கும் பழங்காநத்தம் அன்றைக்கு மட்டும் சென்னைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டோ முக்குக்கு முக்கு நின்றது.

“கரண்டியோட யாரை அடிக்கப் போறீக அக்கா?” என்றான் டிரைவர்.

“என்னையத்தான். நீ ஓட்டுப்பா.”

மூன்று ஐம்பத்தைந்துக்கு லூர்துராஜின் மேசை முன்னால் மூச்சிரைக்க நின்றாள்.

“தம்பி, முத்துமீனா தேறிட்டா. நாந்தான் உடம்பு தேறுறதுன்னு நெனச்சு மாத்திச் சொல்லிட்டேன்.”

அவன் தலையில் அடித்துக்கொண்டு பெயரைத் தட்டினான். “வேற யாரு தேறுனா?”

ஓடிவந்த வேகத்தில் அதை அவள் கேட்கவேயில்லை. டீச்சருக்குப் போன் போட்டாள். ஆஃப். அஞ்சாப்பில் மொத்தம் ஏழு பேர். சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு.

“ஏழு பேரும் தேறிட்டாங்கன்னு போடு.”

“அக்கா! மார்க் கேப்பாங்க. என் வேலை போயிரும்.”

“நாளைக்கு டீச்சர் மார்க் குடுக்கட்டும். தேறாத பேர அடிச்சுக்கலாம். விட்டுப்போன பேர யாருப்பா சேப்பாங்க? கேட்டா, கேனச் சிறுக்கி சமையக்காரி சொன்னான்னு என்னைய மாட்டிவிடு.”

லூர்துராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கரண்டியையும் பார்த்தான்.

“சொல்லித் தொலைங்க.”

ஆன்சன், ஜெனிஷா, அருண்பாண்டி என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கரண்டிக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.