மஞ்சளில் ஒரு சொட்டு நீலம்

காலையில் எழுந்து வந்தபோது என் மகள் கனிஷ்காவின் இமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்கு எட்டு வயது. கொசு கடித்திருக்கும் என்றேன். மதியத்துக்குள் வீக்கம் வடிந்தது. மறுநாள் காலை திரும்பவும் வந்தது.

என் மனைவி செல்வி வேறு காரணம் சொன்னாள். "எந்நேரமும் போன பாத்துக்கினே இருந்தா கண்ணு வீங்காம இன்னா பண்ணும்?"

கனிஷ்கா போனில் பார்ப்பது குழந்தைகளுக்கான ஓவியக் காணொளிகள். யானை வரைவது, செய்தித்தாளில் பறவை செய்வது, இலையில் சாயம் தடவி அச்செடுப்பது. செல்வி சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. போனை பீரோவில் வைத்துப் பூட்டினோம். பத்து நாள் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். வீக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி மதியம் வடிந்தால் போனைப் பூட்டாதீர்கள். சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ரேஷன் கடை விற்பனையாளர். கனிஷ்காவின் பாதம் செருப்புக்குள் நுழையாத நாளில்தான் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். குழந்தைகள் மருத்துவர் அவள் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பரிசோதனைகளுக்குப் பிறகு 'நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்' என்றார் (சிறுநீரகத்தின் வடிகட்டி தளர்ந்து, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறும் நோய், அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும்).

"போன் பாத்ததாலயாங்க?" என்று செல்வி கேட்டாள்.

"இல்லம்மா. இதுக்கும் போனுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் மருத்துவர்.

கனிஷ்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டீராய்டு மாத்திரை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் புரதக் கசிவை நிறுத்தும் மருந்து) தொடங்கினார்கள். சில வாரங்களில் கசிவு நின்றது, கால் பழையபடி ஆனது. ஆனால் மருந்தின் பக்கவிளைவாக முகம் உருண்டுவிட்டது. ஓயாத பசி. தொட்டதற்கெல்லாம் கோபம். சுலபமாகத் தொற்று வரும், கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார்கள். "வீட்டுல உக்காந்து ஏதாவது செய்யட்டும். வரையறது பிடிக்குமா?" என்று மருத்துவர் அவளிடமே கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

பீரோ திறந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. அதனால் ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து காணொளிகளை இறக்கிக்கொள்வேன். வண்ணம் தீட்டும் படங்களைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பேன். பாதிக் காணொளிகளில் பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். அவள் அதைக் கேட்பதே இல்லை, கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பாள்.

அதில் ஒரு பாடம் நிறம் கலப்பது. மஞ்சளில் ஒவ்வொரு சொட்டாக நீலம் சேர்த்து ஐந்து கட்டங்கள் தீட்ட வேண்டும். முதலாவது வெறும் மஞ்சள், ஐந்தாவது நல்ல பச்சை. முடித்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். உண்மையில் முதல் மூன்று கட்டங்களும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. சின்னப் பிள்ளை, ஏனோதானோவென்று கலந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாத்திரை முடிந்து அவள் பள்ளிக்குத் திரும்பினாள். முகம் இன்னும் முழுதாக வற்றவில்லை. வகுப்பில் 'பன்னு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "எப்பப்பா பழைய மூஞ்சி வரும்?" என்று தினமும் கேட்டாள்.

இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. அதனால் தினமும் காலை முதல் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை (முனையில் மருந்து தடவிய பட்டை) நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு நோட்டில் எழுத வேண்டும். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் கசிவு இல்லை. பச்சைக்குப் போகப் போகக் கசிவு ஜாஸ்தி. செல்விதான் பார்ப்பாள். இரண்டாவது பிரசவத்துக்கு அவள் திருக்கோவிலூரில் தாய்வீட்டுக்குப் போனதும் அந்த வேலை எனக்கு வந்தது. தினமும் நனைத்தேன், பார்த்தேன், 'இல்லை' என்று எழுதினேன். சுலபமான வேலை என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் காலை, தூரிகை கழுவத் தண்ணீர் எடுக்க வந்த கனிஷ்கா என் கையில் இருந்த ஸ்ட்ரிப்பை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, பச்சையா இருக்குது?"

"மஞ்சள்தான்டா."

அவள் சுவரில் இருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தாள். "இது மாதிரி இருக்குது. மொதோ கட்டம் மாதிரி இல்ல. உனக்குத் தெரியல?"

எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ரிப்பையும் தாளையும் சேர்த்துப் படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி வரை நடந்து, செல்விக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். "பச்சைங்க. நேத்து இன்னா எழுதுனீங்க?" "'இல்லை'ன்னுதான்" என்றேன். "கெளம்புங்க, மொதல்ல கெளம்புங்க" என்றாள்.

நோய் திரும்பியிருந்தது. வீக்கம் வருமுன்பே வந்துவிட்டீர்கள், நல்லது என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு மறுபடி தொடங்கியது. நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. நிறக்குறைபாடு (பச்சை, சிவப்புச் சாயல்களைச் சரியாகப் பிரித்தறிய முடியாத பிறவிக் குறை). நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

செல்வியிடம் சொன்னபோது "அதான் இத்தினி வருசமா காய் தக்காளியா பாத்து வாங்கினு வந்தீங்களா? உங்களுக்குப் பொறுப்பில்லன்னு இல்ல நான் திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் தக்காளி வேறு, இது வேறு. எத்தனை காலை தவறாக எழுதினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

செல்வி கைக்குழந்தையோடு திரும்பிவிட்டாள், ஸ்ட்ரிப் பார்ப்பதும் அவளிடமே போய்விட்டது. நான் நனைத்துக் கொடுப்பதோடு சரி. நோட்டில் நாங்கள் இப்போது எழுதுவதில்லை. கனிஷ்கா தினமும் ஒரு சின்னக் கட்டம் தீட்டுகிறாள், மருத்துவர் அதைப் பார்த்தே புரிந்துகொள்கிறார். கண்ணால் பார்த்தேன் என்று எதையும் அடித்துச் சொல்லும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. ஒரு நாளில் மிக நீளமானது காலையில் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடம்தான். அது நல்லபடி கழிந்தால் மிச்ச நாள் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

சென்ற வாரம் அந்த ஒரு நிமிடத்தில், பல நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கனிஷ்காவிடம் கேட்டேன். அவளுக்கு முகம் மறுபடி உருண்டிருந்தது.

"பச்சைன்னா திரும்ப மாத்திரைன்னு உனக்கு அன்னிக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"மூஞ்சி பெருசாவும்னும் தெரியும்?"

"ம்."

"எனக்குத்தான் தெரியலையே. சும்மா இருந்திருக்கலாமே நீ?"

அவள் தூரிகையை உதறிவிட்டு, நான் கேட்டது புரியாதவள் போல என்னைப் பார்த்தாள்.

"பச்சையாதானப்பா இருந்துச்சு" என்றாள்.