டயர் தேர்ந்து கொடுத்த எதிராளி

ஹட்டன் கடைவீதியில் சைக்கிள் பந்தயத்துக்கு டயர் வாங்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். போன வருடம் அதே பந்தயத்தில் ஜெயித்தவர், இந்த வருடமும் ஓட்டுகிறவர், ஒல்லியான மனிதர். எதைத் தொட்டாலும் நகத்தால் அழுத்திப் பார்ப்பார்.

"மெல்லிசு வேகமா ஓடும், ஆனா கல்லு ரோட்டுல கிழிஞ்சிரும். தடிச்சத எடுங்க தம்பி," என்றார்.

வெளியே நின்ற அவருடைய சைக்கிளில் மெல்லிய டயர்தான் இருந்தது.

"அப்ப நீங்க?" என்றேன்.

"எனக்கு ரோடு பழக்கம்."

என்னைப் பின்தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கடையில் அவர் அழுத்திப் பார்த்த மெல்லிய டயரில் நகம் பள்ளம் பதித்திருந்தது. அரைமனதோடு தடித்ததையே வாங்கினேன்.

பந்தயத்தன்று, கொட்டகலைத் திருப்பத்தில் அவர் டயர் கிழிந்து நின்றார். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நிக்காதீங்க, போங்க!" என்று கத்தினார்.

முதலாவதாக வந்தேன். எதிராளிக்கு நல்ல டயரைக் காட்டியதில் அவருக்கு என்ன லாபம் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.