கீழ் டிவிஷனுக்கான வரி

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஓரங்களில் துளை போட்ட கணினித் தாள். நடுவில் ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் அக்கா எழுதிய மூன்று சொற்கள்: "கேக்காம எடுக்காத, தம்பி."

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில் தெமியாங் என்ற இடத்தில் ஒரு தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் இருவரும் நிரல் எழுதினோம். பக்கத்து ஊரான ராசாவிலிருந்து பஸ்ஸில் வரும் அந்த அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகளான கிராணிகள் உரமோ தண்ணீர் லாரியோ எதுவானாலும் கம்பெனி வலைத்தளத்தில்தான் கேட்க வேண்டும். ஃபோனில் கேட்டால் செல்லாது என்பது மேனேஜரின் உத்தரவு. எந்த வலை முகவரிக்கு வரும் கோரிக்கை எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை அக்காவின் நிரல்தான் முடிவு செய்யும். சின்ன மாற்றத்துக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. முகவரி ஒரு பக்கம், சேருமிடம் ஒரு பக்கமாக ஒரு பட்டியல் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே என்று மேனேஜரிடம் மார்தட்டினேன். யோசனை சரிதான், இன்றும் அதையே சொல்வேன்.

நாற்பது பக்க நிரலை ஒரே பக்கமாகச் சுருக்கினேன். லிங்கி என்று தோட்டத்தின் பெயரில் தொடங்கும் முகவரியெல்லாம் சிரம்பான் அலுவலகத்துக்கு என்று போட்டேன். அக்கா தன் நிரலை அச்சிட்டுத் தந்தபோது வட்டமிட்ட வரியோ, லிங்கித் தோட்டத்தின் ஒரு பகுதியான கீழ் டிவிஷனின் தண்ணீர்க் கோரிக்கையை மட்டும் போர்ட்டிக்சன் கிடங்குக்கு அனுப்பியது. பழைய குப்பை என்று எடுத்துவிட்டேன். அவரிடம் போய்க் கேட்டால் என் கெட்டிக்காரத்தனம் என்னாவது?

அடுத்த வாரமே கீழ் டிவிஷனில் பம்பு கெட்டது. அங்குள்ள கிராணி தொடர்ந்து மூன்று நாள் முறையாகக் கோரிக்கை அனுப்பினார். மூன்றும் சிரம்பானில், அதுவரை எதுவும் வராததால் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. லாரி போர்ட்டிக்சனில் சும்மா நின்றது. ஜனங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கிராணியின் மூன்று வயது மகள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

"மூணு தடவ அனுப்புனேன்லா சார். ஃபோன் பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்று விசாரணையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வரியைப் பற்றி அக்கா எச்சரித்தாரா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

"எழுதியே கொடுத்தேன்லா, தம்பி," என்றார் அக்கா.

எழுதியது எங்கே என்று தேடினார்கள். அது என் பையில் மடித்தபடி கிடந்தது. எச்சரிக்காதது அவர் தவறு என்று மாதக் கடைசியில் அக்காவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

விட்டுப்போன வரியைப் பட்டியலில் சேர்க்க எனக்கு அரை நிமிடம் ஆனது. தாளை எடுத்துக்கொண்டு ராசாவுக்கு இரண்டு முறை பஸ் ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் அக்கா வீட்டு நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை.